கார்களை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு மனிதர்களை எண்ணத் தெரியாதா?

பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி போகும் பேருந்தில் ஏறினால் நடத்துநர் குரலில் வருவது பெரும்பாலும் கம்பெனிப் பெயர்கள்தான். லூகாஸ், பிரிட்டானியா, எஸ்டேட், டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ். கோயில் பெயரிலும் தலைவர் பெயரிலும் நிறுத்தங்கள் உள்ள நாட்டில், இந்த ஒரு சாலை மட்டும் தொழிற்சாலைகளின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1959-இல் தொடங்கிய டன்லப் டயர் ஆலை 2005-இல் ரூயா குழுமத்தின் கைக்கு மாறி, தள்ளாடி, கடைசியில் முடங்கியே போனது. ஆனாலும் நிறுத்தத்தின் பெயர் டன்லப்தான். ஆலை ஓடுகிறதோ இல்லையோ, பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பகுதியில் ஓர் ஆலை மூடினால் அந்த இடத்தில் அடுத்து என்ன வரும் என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அடுக்குமாடி வரும், ஐ.டி. பார்க் வரும், கீழ்த்தளத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வரும். 1960-களில் சிறுதொழில்களுக்காக உருவாக்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. லேத் பட்டறைக்கு எதிரே கணினி நிறுவனம், அதன் வாசலில் காபிக் கடை, அதற்கு அடுத்து தள்ளுபடி விலையில் பருப்பும் சோப்பும்.

'வளர்ச்சி வேண்டாமா? மூடிக் கிடக்கும் ஆலையில் பாம்பும் முட்செடியும்தானே இருக்கின்றன? கடை வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும், மக்களுக்கு மலிவாகப் பொருள் கிடைக்கும். இதில் சாதி எங்கே வந்தது?' என்று உடனே கேட்பார்கள். நம் பக்கத்துத் தோழர்கள் சிலரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைத் திட்ட அனுமதி விண்ணப்பத்திலிருந்தே தொடங்குவோம்.

விண்ணப்பம் எதைக் கேட்கிறது?

ஆலை நிலத்தில் ஒரு பெரிய கடை கட்ட வேண்டுமென்றால் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்ட அனுமதி வாங்க வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியில் அதை நிர்வகிப்பது சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். எதை எங்கே கட்டலாம் என்பதை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் சொல்கிறது. எப்படிக் கட்டலாம் என்பதை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. வரைபடத்தில் தொழில் பகுதி என்று நிறம் தீட்டிய நிலத்தின் வகைப்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வரும். ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று சில வார அவகாசம் தருவார்கள். பொடி எழுத்தில், கட்டம் கட்டி, சர்வே எண்களோடு வரும் அந்த அறிவிப்பை ரியல் எஸ்டேட்காரர்களையும் வக்கீல்களையும் தவிர யார் படிக்கிறார்கள்?

அந்த விண்ணப்பம் என்னவெல்லாம் கேட்கிறது என்று பாருங்கள். முன்னால் உள்ள சாலையின் அகலம் எவ்வளவு? நான்கு பக்கமும் எத்தனை மீட்டர் இடம் விட்டிருக்கிறீர்கள்? கட்டடத்தின் உயரம் என்ன? தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்கிறதா? மழைநீர் எங்கே போகும்? இத்தனை சதுர மீட்டர் கடைக்கு எத்தனை கார், எத்தனை இருசக்கர வாகனம் நிற்க முடியும்? எல்லாம் நல்ல கேள்விகள். கேட்கத்தான் வேண்டும்.

ஆனால், இந்த நிலத்தில் முன்பு எத்தனை பேர் வேலை செய்தார்கள், அவர்களுடைய பணிக்கொடையும் நிலுவைச் சம்பளமும் தீர்க்கப்பட்டுவிட்டனவா, ஆலை வருவதற்கு முன்னால் இது யாருடைய நிலம், என்ன விலைக்கு, எந்த நோக்கத்துக்காக ஆலைக்குக் கிடைத்தது, சுற்றிலும் தள்ளுவண்டியிலும் தரையிலும் கடை போட்டுப் பிழைப்பவர்கள் எத்தனை பேர், புதிய கடையில் யாருக்கு நிரந்தர வேலை, யாருக்கு ஒப்பந்த வேலை என்று கேட்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. இன்னும் வாங்கப்படாத காருக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்கிற சட்டம், முப்பது வருடம் அங்கே உழைத்தவரைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்பதில்லை.

இந்த மௌனத்தில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. யாரையும் சாதி சொல்லி ஒதுக்கவேண்டிய அவசியம் இந்த விண்ணப்பத்துக்கு இல்லை. சொத்து வைத்திருப்பவரிடம் மட்டும் பேசினால் போதும். இந்தச் சமூகத்தில் நிலம் யாரிடம் இருக்கிறது, உழைப்பு மட்டும் யாரிடம் இருக்கிறது என்பதை வரலாறு ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறதே!

இது யாருடைய நிலம்?

'அவர் நிலம், அவர் இஷ்டம்' என்பது அடுத்த வாதம். ஆலை நிலத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் வரலாற்றையே மறைக்கிறது.

இந்த மேற்குப் புறநகரில் ஆலைகளுக்கு நிலம் சந்தையில் தானாகக் கிடைத்துவிடவில்லை. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையை அரசே நிறுவியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை அரசு உருவாக்கி, தொழில் செய்வதற்காக என்றே மனைகளைக் கொடுத்தது. பொது நோக்கம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, 1894-ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தால் விவசாய நிலத்தை எடுத்துத் தொழிலுக்குக் கொடுத்த காலம் அது. நிலம் வைத்திருந்தவருக்கு ஏதோ இழப்பீடு கிடைத்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்த சேரிக்காரருக்கு என்ன கிடைத்தது? பட்டாவில் பெயர் இல்லாதவருக்கு இழப்பும் இல்லை என்பதுதானே சட்டத்தின் கணக்கு.

1978-இல் தமிழ்நாட்டில் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. நகரத்தில் அளவுக்கு மீறி நிலத்தைக் குவித்து வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஆனால் விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அரசின் கையில் கொடுத்தது. தொழில் வளர வேண்டும், வேலை பெருக வேண்டும் என்பதுதான் ஆலைகளுக்கு விலக்குத் தரச் சொல்லப்பட்ட நியாயம். 1999-இல் அந்தச் சட்டமே ரத்தானது. தொழிலைக் காட்டி வாங்கிய விலக்கு, தொழில் போன பிறகும் சொத்தாகவே நின்றுவிட்டது.

ஆக, மலிவாக நிலம், உச்சவரம்பிலிருந்து விலக்கு, மின்சாரமும் தண்ணீரும் சாலையும் என்று பொதுமக்கள் கொடுத்த சலுகைகளின் மேல் எழுந்தது ஆலை. பதிலுக்கு ஆலை கொடுத்தது வேலை. இது எழுதாத ஒப்பந்தம். வேலையை நிறுத்திவிட்டால் ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் முறிந்துவிட்டது. மறுபக்கமான நிலம் மட்டும் முதலாளியிடமே இருக்கும், அதுவும் பல மடங்கு விலையோடு இருக்கும் என்றால் இதற்குப் பெயர் என்ன?

விலை எங்கே கூடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆலையின் துருப்பிடித்த கூரைக்கு விலை இல்லை. வகைப்பாடு மாறும்போது, திட்ட அனுமதியில் முத்திரை விழும்போது, நிலத்தின் மதிப்பு ஒரே நாளில் எகிறுகிறது. அந்த மதிப்பை உண்டாக்குவது அரசின் கையெழுத்து. பெருங்களத்தூரில், ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் கார் செய்த ஆலையின் நிலத்தில் எழுந்த அடுக்குமாடித் திட்டத்துக்குத் திட்ட அனுமதி தர 27.90 கோடி ரூபாய் லஞ்சம் கைமாறியது என்ற புகாரில், முன்னாள் வீட்டுவசதித் துறை அமைச்சர் உள்ளிட்டோர் மீது லஞ்ச ஒழிப்புத் துறை 2024 செப்டம்பரில் வழக்குப் பதிவு செய்தது. அது குற்றச்சாட்டு, உண்மையா என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஒரு கையெழுத்துக்கு அப்படியொரு விலை இருக்க முடியும் என்று யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பொதுக் கையெழுத்தால் பெருகும் மதிப்பில் பொதுமக்களுக்குப் பங்கு கேட்பது பிச்சை கேட்பதாகாது.

ஆலை என்ன சொர்க்கமா?

இல்லவே இல்லை. ஆலையைப் பற்றி ஏக்கப் பாட்டுப் பாட நம்மால் முடியாது. அம்பத்தூரிலிருந்து அதே ரயில் பாதையில் கிழக்கே கொரட்டூர், வில்லிவாக்கம் தாண்டினால் பெரம்பூர். அங்கே இருந்த பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலையைத்தான் நாம் பின்னி மில் என்கிறோம். 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலையைச் சுற்றித்தான். 1921-இல் அதே ஆலையில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் ஒற்றுமை சாதியில் மோதி உடைந்ததும் அங்கேதான். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்றார்கள். புளியந்தோப்புச் சேரி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடன் கொடுக்கவும் கைகொடுக்கவும் ஆளில்லாத, நாள் கூலி நின்றால் அடுப்பு எரியாத மக்களிடம் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்யச் சொல்வதற்கு முன்னால், அவர்களைச் சக தொழிலாளியாக நடத்தினார்களா என்று யாரும் கேட்கவில்லை. ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே அகற்ற வேண்டும் என்ற குரல் நீதிக் கட்சியின் தலைமையிலிருந்தே எழுந்தது. எம்.சி. ராஜா அந்தக் கட்சியிலிருந்து விலகிப் போன வரலாற்றில் இந்தக் காயத்துக்கும் இடம் உண்டு.

பம்பாயிலும் இதே கதைதான். நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் படும் என்று காரணம் சொல்லி, நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைப் பகிரங்கமாக எழுப்பினார். வர்க்கம் பேசிய தலைவர்களுக்கு அது சங்கடமான கேள்வியாக இருந்தது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆலைக்குள் சாதி இருந்தது. ஆனால் அதை எதிர்த்துப் பேச ஓர் இடமும் இருந்தது. சங்கம் இருந்தது, நிலையாணை இருந்தது, தொழிலாளர் நீதிமன்றம் இருந்தது. சேம நிதி, ஈ.எஸ்.ஐ. அட்டை, போனஸ் இருந்தன. ஊரில் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன், இங்கே டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆவடியின் அரசுத் தொழிற்சாலைகளில் இடஒதுக்கீடும் இருந்தது. பறைக்கும் பிணத்துக்கும் சாணிக்கும் கட்டப்பட்டிருந்த ஒரு தலைமுறை, பிட்டராகவும் டர்னராகவும் வெல்டராகவும் மாறியது அந்த வாசல்களின் வழியாகத்தான். அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள்தான் இன்று நம் கூட்டங்களில் பாதிப் பேர். நானும் அப்படிப் படித்து வந்தவன்தான்.

அந்தப் பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. இன்று அங்கே எஸ்.பி.ஆர். சிட்டி என்ற பெயரில் வானுயர்ந்த குடியிருப்பும், மார்க்கெட் ஆஃப் இந்தியா என்ற பெயரில் பிரம்மாண்டமான மொத்த வியாபார வளாகமும். சுமார் 63 ஏக்கர் என்கின்றன விளம்பரங்கள். இந்தியத் தொழிற்சங்கத்தின் முதல் பக்கமும், அதன் சாதிக் காயத்தின் முதல் பக்கமும் எழுதப்பட்ட மண் அது. மூன்று தலைமுறை உழைத்த புளியந்தோப்பு, பட்டாளம் மக்களுக்கு அந்த மண்ணின் மேல் என்ன உரிமை என்ற கேள்விக்குத் திட்ட அனுமதியின் எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

சூப்பர் மார்க்கெட் சாதி கேட்பதில்லையே?

இது நேர்மையான கேள்வி. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த நாட்டில், மளிகைக் கடையில் தள்ளி நிற்கச் சொன்ன ஊர்களில், காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்ன தெருக்களிலிருந்து வந்தவர்களுக்கு, கூடையை எடுத்துக்கொண்டு எந்தப் பொருளையும் தொட்டுப் பார்க்கலாம் என்ற சுதந்திரம் சின்னதில்லை. 2012-இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, சிறு வணிகரைக் காப்போம் என்று கட்சிகளெல்லாம் ஒன்றாகக் குரல் கொடுத்தன. தமிழ்நாட்டுக்குள் அதை விடமாட்டேன் என்றார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. அந்தச் சிறு வணிகரில் எத்தனை பேர் தலித் என்று அன்று எந்த மேடையிலும் கேட்கவில்லை.

நாடார் சமூகத்தின் வரலாறு நமக்குத் தெரியும். கோயிலுக்குள் விடாத ஒரு சமூகம் மகமைப் பணத்தைச் சேர்த்து, உறவின்முறையைக் கட்டி, கடைகளை வைத்து, பின்னியில் வேலைநிறுத்தம் நடந்த அதே 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியையும் தொடங்கி மேலெழுந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் வணிகத்தால் எழ முடியும் என்பதற்கு அது பெருமைக்குரிய சான்று. ஆனால் சாதி வலைப்பின்னலே மூலதனம் என்றானால், அந்த வலைக்கு வெளியே இருப்பவருக்குக் கடன் கிடைக்காது, சரக்குக் கிடைக்காது, கடை வாடகைக்குக்கூடக் கிடைக்காது என்பதும் அதே வரலாற்றின் மறுபக்கம். எனவே அண்ணாச்சி கடையைக் காப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

வாடிக்கையாளரிடம் சாதி கேட்காத சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலுக்குப் போய்ப் பாருங்கள். கழிப்பறை கழுவுபவர், குப்பை அள்ளுபவர், லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர் எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். கடையின் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. பில் போடும் இடத்திலும் துணி மடிக்கும் இடத்திலும் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே கேரளத்தில் போராட வேண்டியிருந்தது, தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட தொழிலில் சங்கம் வைக்கும் உரிமை எங்கே இருக்கும்? இடஒதுக்கீடு எங்கே இருக்கும்? வாங்குபவருக்குச் சமத்துவம், வேலை செய்பவருக்குப் பழைய பிரிவினை. முன்வாசலில் கிடைப்பதைக் காட்டிப் பின்வாசலை மறக்கச் சொன்னால் நாம் மறந்துவிட முடியாது.

இது தனியார் ஆலைகளோடு நிற்கப் போவதும் இல்லை. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை ஒரு நிறுவனத்தில், படை உடைத் தொழிற்சாலை இன்னொன்றில். 2022 மார்ச்சில் பொதுத்துறை நிறுவனங்களின் 'உபரி' நிலத்தைப் பணமாக்குவதற்கென்றே ஒரு தனிக் கழகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இடஒதுக்கீட்டோடு கூடிய வேலை இருக்கும் மண் நாளைக்கு உபரி என்று முத்திரை குத்தப்பட்டால், அங்கே வரும் கடையில் இடஒதுக்கீடு இருக்காது. சட்டத்தைத் தொடாமலேயே இடஒதுக்கீட்டைச் சுருக்கும் வழி இதுதான்: வேலை இருக்கும் இடத்தையே மாற்றிவிடுவது.

நகரத்தில் நிலம் இல்லையாம்!

கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் குடிசைகளை அகற்றும்போது அதிகாரிகள் ஒரே பதிலைச் சொல்வார்கள்: நகரத்துக்குள் நிலம் இல்லை. அதனால்தான் 2000-இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நம் பக்கத்தில் திருமழிசை அருகே கூடப்பாக்கம். அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் பிரித்து அடுக்கடுக்காக அடைத்துவிட்டு, பிறகு அந்த முகவரியைக் குற்றத்தின் முகவரியாகவும் ஆக்கினார்கள். குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அனுப்பும் திசை மாறவில்லை. 1921-இல் நகரத்தை விட்டே அகற்று என்றது வன்மத்தின் குரல். அதையே நூறாண்டு கழித்து ஒரு நிர்வாகம் கோப்பு எண் போட்டுச் செய்து முடிக்கிறது.

நிலம் இல்லை என்பது பொய். நிலம் இருக்கிறது. பாடியிலும் அம்பத்தூரிலும் பெரம்பூரிலும் ஆலைச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, இருந்தது. அது வாழ்விட வாரியத்தின் கண்ணில் படுவதில்லை, கட்டுமான நிறுவனத்தின் கண்ணில் மட்டும் படுகிறது.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் மும்பையைப் பார்க்கட்டும். அங்கே சுமார் 600 ஏக்கர் பஞ்சாலை நிலம். ஆலை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, மூன்றில் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மிச்சம்தான் முதலாளிக்கு என்றது 1991-ஆம் ஆண்டின் விதி. 2001-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தில் பங்கு என்பது, கட்டடம் இல்லாத காலி இடத்தில் மட்டும் பங்கு என்று சுருங்கியது. உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, திருத்தப்பட்ட விதியை உறுதி செய்தது. பீனிக்ஸ் மில் வணிக வளாகமானது, அதன் புகைபோக்கி மட்டும் அலங்காரத்துக்கு நிற்கிறது. ஆனாலும் அந்த விதி இருந்ததால், தொழிலாளர்கள் விடாமல் போராடியதால், 2012-இல் முதல் குலுக்கலில் சுமார் 6,900 ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. ஓட்டை விழுந்த விதியே இவ்வளவு கொடுத்தது. தமிழ்நாட்டில் ஓட்டை போடுவதற்குக்கூட அப்படி ஒரு விதி கிடையாது.

என்ன கேட்க வேண்டும்?

சூப்பர் மார்க்கெட்டே கூடாது என்பது என் கோரிக்கை அல்ல. ஆலை நிலத்துக்கு முத்திரை குத்துவதற்கு முன்னால் கணக்குத் தீர்க்க வேண்டும் என்கிறேன். இப்போதுள்ள விதிகளிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பூங்காவுக்குப் பங்கு கேட்க முடிந்த சட்டத்தால், வீட்டுக்கும் வேலைக்கும் பங்கு கேட்க முடியும்.

முதலாவது, ஆலை மூடியபோது வேலை இழந்த அனைவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, நிலுவை தீர்ந்தது என்று தொழிலாளர் துறை சான்று தராமல் வகைப்பாடு மாற்றமோ திட்ட அனுமதியோ கூடாது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயம் என்றால் தொழிலாளர் துறையின் சான்றும் கட்டாயமாகட்டும்.

இரண்டாவது, நிலத்தின் மூல வரலாற்றை வெளியிட வேண்டும். யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது, உச்சவரம்பு விலக்குப் பெற்றதா என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். முக்கியமாக, பஞ்சமி நிலமா என்று பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வருவதற்குக் காரணமான மாவட்டத்தின் பகுதியாகத்தான் அன்றைய அம்பத்தூரும் பூந்தமல்லியும் இருந்தன. 1994-இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் பஞ்சமி நிலத்துக்காகத்தான் குண்டடிபட்டு இறந்தார்கள். அந்தச் சோதனையை முடிக்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரி யாருக்காக வேலை செய்கிறார்?

மூன்றாவது, பெருகும் மதிப்பில் ஒரு பங்கு, அதே இடத்திலோ அதே வட்டாரத்திலோ, கரையோரங்களிலிருந்து அகற்றப்படும் மக்களுக்கும் முன்னாள் தொழிலாளர்களுக்கும் வீடாக வர வேண்டும். பணமாகக் கட்டிவிட்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பும் வேலை வேண்டாம்.

நான்காவது, பொது நோக்கத்துக்காக எடுக்கப்பட்ட நிலத்திலும் தொழிற்பேட்டை நிலத்திலும் எழும் நிறுவனங்களில் பட்டியலின, பழங்குடி மக்களுக்கு வேலையிலும் கடை ஒதுக்கீட்டிலும் இடஒதுக்கீடு வேண்டும். துப்புரவுப் பணி உட்பட எல்லாப் பணியும் நேரடிப் பணியாக வேண்டும்.

ஐந்தாவது, 2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டப்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவின் முன் இத்தகைய ஒவ்வொரு விண்ணப்பமும் வர வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதம் தெருவோர வணிகர்களே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர்களில் பெண்களுக்கும் பட்டியலின மக்களுக்கும் இடம் தரச் சொல்கிறது. பெரிய கடையின் வாசலில் கீரை விற்கும் பெண் ஆக்கிரமிப்பாளர், கடை மட்டும் வளர்ச்சி என்று தீர்மானிப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணையும் கேளுங்கள்.

இதையெல்லாம் கேட்க இதுவே நேரம். அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்த நிலத்துக்கு எந்த நிறம் என்று தீட்டிய பிறகு நீதிமன்றத்தில் முட்டிக்கொண்டு பயனில்லை. சாதி ஒழிப்பு இயக்கம் கோயில் நுழைவைப் பேசியது, குடிநீர்க் குளத்தைப் பேசியது, சுடுகாட்டுப் பாதையைப் பேசுகிறது. நில வகைப்பாட்டு வரைபடத்தையும் பேசியாக வேண்டும். சேரி எங்கே இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஊர் தீர்மானித்தது. இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது வண்ணம் தீட்டிய இந்த வரைபடம்.

தோழர்களே, நாம் சாதி ஆணவக் கொலைக்குக் கூடுகிறோம், கண்டன அறிக்கை எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். அதோடு இதையும் செய்யுங்கள். உங்கள் பகுதியில் மூடிக் கிடக்கும் ஆலைகளின் பட்டியலை எடுங்கள். சி.எம்.டி.ஏ.வின் வகைப்பாடு மாற்ற அறிவிப்புகளைத் தொடர்ந்து படியுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூல ஆவணங்களைக் கேளுங்கள். அங்கே வேலை செய்த பெரியவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டும் சங்க அட்டையும் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கும். அவற்றைச் சான்றாக வைத்து, அவகாசம் முடிவதற்குள் ஆட்சேபம் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் கோப்பில் ஒரு தாள். ஐநூறு பேர் எழுதினால், எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கு அந்தக் குழுமம் எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். அடுத்த அறிவிப்பு எந்த நாளும் வரலாம். அது வரும்போது நம் கையில் அந்த ஐநூறு கடிதங்கள் தயாராக இருக்க வேண்டும்.